தம்பியின் லாரிக்கு ஒரு ஃபேன் கிளட்ச்

போன வியாழக்கிழமை டெல்லி மாயாபுரியில் ஒரு பழைய உதிரிபாகக் கடை வாசலில் நின்றுகொண்டு பத்து நிமிடம் சண்டை போட்டேன். இந்தியில்.

முப்பது வருடமாக ஆட்டோக்காரர்களிடமும் கேஸ் ஏஜென்சியிலும் பேசிப் பேசிச் சேர்த்து வைத்த இந்தி மொத்தமும் அன்றைக்கு வெளியே வந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு இந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

என்ன கேட்டார்? சொல்கிறேன். அதற்கு முன்னால் என் தம்பியின் லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆமாம், லாரிதான். உங்கள் குடும்பத்துக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு வருடத்துக்கு மேலாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா திருநெல்வேலியிலிருந்து சர்க்கார் வேலைக்காக டெல்லிக்கு வந்தவர். நான் ஸ்டெனோவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆனேன். ஃபைலை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்த்தியதுதான் எங்கள் பரம்பரையின் அதிகபட்சப் போக்குவரத்து அனுபவம்.

தம்பி செல்வம் மட்டும் பிரைவேட் கம்பெனிக்குப் போனான். குர்காவில் நல்ல வேலை, நல்ல சம்பளம். இரண்டு வருடம் முன்னால் அந்தக் கம்பெனி இங்கிருந்த கிளையை மூடிவிட்டது. நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு யார் புதிதாக வேலை தருவார்கள்? எட்டு மாதம் அலைந்தான். பிறகு ஒருநாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன லாரியை வாங்கி வந்து துவாரகாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி சொஸைட்டி வாசலில் நிறுத்தினான். ஓனரும் அவன்தான், டிரைவரும் அவன்தான்.

வாட்ச்மேன் லாரியை உள்ளே விடவில்லை. உள்ளுக்குள் எனக்கு அது வசதியாகவே இருந்தது.

ஆர்.கே.புரம் முருகன் கோயிலில் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, "தம்பி இப்ப என்ன பண்றார்?" என்று கேட்டால், "லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கான்" என்பேன். அது பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவேன். வேலை காலி விளம்பரம் எது கண்ணில் பட்டாலும் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவன் ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்புவான். அத்தோடு சரி.

செல்வத்துக்கு வேலை கொடுப்பவர் ஒரு அண்ணாச்சி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் துவாரகா, குர்காவ் பக்கம் இருக்கிற சின்னக் கடைகளுக்கு அண்ணாச்சிதான் அனுப்புகிறார். கொண்டுபோய்ச் சேர்ப்பது செல்வம். அந்த ஒரு வேலையை நம்பித்தான் அவன் வீட்டு வாடகையும் மகளின் காலேஜும்.

இதில் ஒரு சிக்கல். காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிகளுக்குப் பல சாலைகளில் அனுமதி கிடையாது. மிச்சம் இருப்பது உச்சி வெயில். டெல்லியின் ஜூன் மாத உச்சி வெயில் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்கள், தோசைக்கல்லுக்கு மேலே முகத்தை நீட்டிப் பாருங்கள். அந்த வெயிலில் தௌலா குவான் சந்திப்பு ஜாமில் வண்டி நகராமல் நின்றால் என்ன ஆகும்?

என்ன ஆகும், ஒருநாள் டெம்பரேச்சர் முள் மேலே ஏறி சிவப்புக் கோட்டைத் தொட்டது. செல்வம் ஓரங்கட்டி, என்ஜின் ஆறும்வரை ரோட்டிலேயே நின்றான். இலையெல்லாம் வாடிப்போய் வந்து சேர்ந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. "பாத்துக்கிடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டாதவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது சர்க்கார் ஆபீசில் நான் கற்ற பாடம்.

மெக்கானிக் பெயர் குர்மீத். செல்வம் அவரை உஸ்தாத் என்று கூப்பிடுவான். அவர் பார்த்துவிட்டு, "ஃபேன் கிளட்ச் போய்விட்டது" என்றாராம்.

அது என்னவென்று எனக்கும் அன்றுவரை தெரியாது. என்ஜினுக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் ஒரு பெரிய ஃபேன். அந்த ஃபேன் எப்போது முழு வேகத்தில் சுற்றலாம், எப்போது சும்மா மெதுவாகச் சுற்றினால் போதும் என்று முடிவு செய்கிற சாமான்தான் ஃபேன் கிளட்ச். அதன் நெற்றியில், நட்டநடுவில், கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு சின்ன உலோகச் சுருள் இருக்கும். கிளட்சுக்குள்ளே ஏதோ எண்ணெய் இருக்கிறதாம். மீதியெல்லாம் எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதுதான் பின்னால் வினையாக வந்தது.

புதிதாக வாங்கலாமே என்றேன். கம்பெனி சாமான் இரண்டு மாத வாடகை விலை. டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று இங்கே ஒரு விதி உண்டு. அதுவும் அடிக்கடி மாறும். இவனுடைய லாரிக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் போனால் அதிகம். சாகப்போகிற குதிரைக்கு யாராவது வெள்ளி லாடம் அடிப்பார்களா? பளபளவென்று டூப்ளிகேட் கிடைக்கும், ஒரு கோடை தாங்காது. காசே செலவில்லாத இன்னொரு வைத்தியமும் உண்டாம். நாலு போல்ட்டை இறுக்கிக் கிளட்சைப் பூட்டிவிடுவது. ஃபேன் எந்நேரமும் ஓடும், வண்டியும் சூடாகாது. ஆனால் டீசலை மடக் மடக்கென்று குடிக்கும்.

உஸ்தாத் இன்னொரு வழி சொன்னார். அதே கம்பெனியின் பெரிய லாரியில் வருகிற கிளட்ச் இதைவிடப் பலமானது, போல்ட் ஓட்டைகளும் பொருந்தும். விபத்தில் அடிபட்டுக் கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் மாயாபுரியில் கிடைக்கும். பாதி விலைகூட ஆகாது.

செல்வம் போனான். நாலு கடை ஏறி இறங்கி, கையால் சுற்றிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, இக்பால் பாய் என்பவர் கடையில் ஒன்றைப் பிடித்தான். பாய் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்பியிருந்தார் — எந்தக் காரணம் கொண்டும் படுக்கப் போடாதே, உள்ளே இருக்கிற எண்ணெய் ஒழுகிவிடும், நிற்கவைத்தே கொண்டுபோ. மெட்ரோவில் போனால் செக்யூரிட்டி மெஷினில் படுக்க வைக்கச் சொல்வார்களே என்று பயந்து, ஆட்டோ பிடித்து, மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். உஸ்தாத்துக்கு மறுநாள் காலையில்தான் நேரம்.

"அக்கா, இத எங்கனயாவது நிக்க வைக்கணும். சாச்சிராத, படுக்க வச்சிராத" என்றான்.

"நீ கையக் கழுவிட்டுச் சாப்பிட வா. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பார்த்துக்கொள்வேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்தினேன். சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் டவல் அண்டை கொடுத்தேன். இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் வீட்டுக்குள் புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் எப்படி இருப்பது? வாங்கியது செகண்ட் ஹேண்ட் என்றாலும் நமக்குப் புதிது இல்லையா? அதிலும், அடிபட்ட வண்டியிலிருந்து வந்தது. எந்தத் தலைவிதியை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ!

என் வீட்டுப் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்லியின் வறண்ட காற்றில் சந்தனம் சாயங்காலத்துக்குள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். அதனால் சந்தனத்தில் பன்னீரோடு ஒரு சொட்டு கோந்து கலந்துவிடுவேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்த பொட்டு நாலு வருடமாக அப்படியே இருக்கிறது. இன்வெர்ட்டரில் வைத்ததைக் கத்தியால் சுரண்டினாலும் வராது.

கிளட்சின் நட்டநடுவில் அந்தச் சுருள், பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல வட்டமாக இருந்தது. தாராளமாகச் சந்தனம் வைத்து, இடுக்கு தெரியாமல் அழுத்தி, மேலே குங்குமமும் வைத்தேன். முருகா, இவன் வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்று நிஜமாகவே கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். செல்வம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தான். அவனும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் உஸ்தாத் மாட்டினார். காலை நேரம், வண்டியும் காலி. முள் அசையவில்லை. "ஏ ஒன்" என்றாராம்.

அதற்கு மறுநாள், புதன்கிழமை, முழு லோடு. மத்தியானம் தௌலா குவானில் வழக்கமான ஜாம். பத்தாவது நிமிடம் முள் சிவப்புக்குப் போனது.

அன்றைக்கு வண்டி நிறைய கல்யாண ஆர்டருக்கான வாழையிலை. கட்டைப் பிரித்தபோது விளிம்பெல்லாம் சுருண்டு, கறுத்து... அண்ணாச்சி அவசரமாக வேறு இடத்தில் இரட்டை விலைக்கு இலை வாங்கி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ராத்திரி செல்வத்துக்குப் போன் செய்தார்.

"தம்பி, நீங்க நல்லவங்கதான். ஆனா இலைக்கு அது தெரியாதுல்லா? இன்னும் ஒரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதீங்க."

இதை என்னிடம் சொல்லும்போது செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை போன அன்றைக்குக்கூட அவன் அப்படி உட்கார்ந்ததில்லை.

வியாழக்கிழமை காலை உஸ்தாத் கிளட்சைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். சூடானாலும் ஃபேன் பிடிக்கவில்லை, சாமான் சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடு என்றார். செல்வம் தனியாகத்தான் கிளம்பினான். விடுவேனா?

"அக்கா, நீ எதுக்கு? நான் பேசிக்கிடுதேன்."

"நீ பேசிக் கிழிச்ச. உனக்குச் சண்ட போடத் தெரியுமால? நீ பேசாம நில்லு, நான் பாத்துக்கிடுதேன்."

இப்படித்தான் அந்தக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

இக்பால் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். கூலருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தேன். ஏழைகளை ஏமாற்றலாமா, ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போடலாமா, மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் தெரியுமா... சுற்றிலும் நாலு கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அந்தக் கூட்டம் எனக்கு இன்னும் தெம்பு கொடுத்தது.

பாய் கிளட்சை வாங்கினார். சுற்றிப் பார்த்தார். புரட்டி நெற்றியைப் பார்த்தார். புழுதியும் புகையும் அப்பிக் கறுப்பாக இருந்த நடுப்பகுதியை நகத்தால் சுரண்டினார். உள்ளேயிருந்து மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. முகர்ந்தார். பிறகு, மிக மரியாதையாக —

"பெஹன்ஜி, இந்தச் சந்தனத்தை யார் வைத்தது?"

இதுதான் அந்தக் கேள்வி.

அவர் நிதானமாக விளக்கினார். அந்தச் சுருள்தான் சூட்டை உணர்கிற இடம். ரேடியேட்டரிலிருந்து வருகிற அனல் பட்டால் அது கொஞ்சம் திரும்பும். திரும்பினால் உள்ளே ஒரு கதவு திறந்து எண்ணெய் பாயும். அப்போதுதான் ஃபேன் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றும். அதைப் பூசி அடைத்துவிட்டால்? என்ஜின் எரிந்தாலும் அதற்குத் தெரியாது.

டீ கெட்டிலிலிருந்து கொதிக்கிற தண்ணீரைச் சுருள் மேல் ஊற்றிக் காட்டினார். அசையவில்லை. சந்தனம் மட்டும் கமகமவென்று மணந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் செல்வத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பழைய பிரஷையும் கொஞ்சம் டீசலையும் கேட்டு வாங்கிக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்தான்.

"கொண்டா, நான் தேய்க்கேன். நான் வச்சதுதான?" என்று குனிந்தேன்.

"வேண்டாம்க்கா. நான் பாத்துக்கிடுதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது. இரண்டு வருடமாக அவனிடம் நான் சொல்லிக்கொண்டே இருந்த வார்த்தையை முதல்முறையாக அவன் என்னிடம் சொல்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்து அவன் தேய்ப்பதைப் பார்த்தேன். என் கோந்து லேசில் விடவில்லை. ஊசியை வைத்து ஒவ்வொரு இடுக்காகக் குத்தி எடுத்தான். அரை மணி நேரம் ஆயிற்று. கம்பெனி ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த விரல்கள்தானா இவை? நகத்து இடுக்கெல்லாம் கறுப்பு. நான் அவற்றை அதுவரை கவனித்ததே இல்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. கூலர் காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாய் மறுபடி கொதிக்கிற தண்ணீர் ஊற்றினார். சுருள் மெல்ல, ஒரு நெல்மணி தூரம், திரும்பியது.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் போன். அக்கா செய்த வேலை என்று போட்டு உடைத்திருக்கலாம். செல்வம் சொன்னது இவ்வளவுதான்.

"கிளட்சுல அடைப்பு அண்ணாச்சி. எடுத்தாச்சு. நாளைக்கு லோடு குடுங்க. இல வாடி வந்துதுன்னா நீங்க சொல்ல வேண்டாம், நானே வேற வண்டி பிடிச்சுத் தாரேன்."

பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கும் ஒரு டீ சொன்னார். சாயங்காலம் கிளட்சைத் திரும்ப மாட்ட உஸ்தாத்திடம் போனபோது, பொட்டைப் பார்த்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் காதைத் தொட்டுக்கொண்டார். "சாமி சமாச்சாரம் பெஹன்ஜி. நான் எப்படி அதைத் துடைப்பேன்?"

வெள்ளிக்கிழமை அந்த லாரியில் நானும் ஏறினேன். முதல்முறையாக. ஏறவே இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. செல்வம் கை கொடுத்தான்.

தௌலா குவானில் ஜாம் எங்களுக்காகவே காத்திருந்தது. பின்னால் லோடு முழுக்க இலை. காற்று அசையவில்லை. முள் பாதியைத் தாண்டியது. முக்காலுக்கு வந்தது. ஓரங்கட்டு, என்ஜினை ஆஃப் பண்ணு, உஸ்தாத்துக்குப் போன் போடு... சொல்வதற்கு என்னிடம் ஏழெட்டு யோசனைகள் இருந்தன. வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளும், முள்ளில் கண்ணுமாக, அந்த முகத்தில் பயமும் இருந்தது, நிதானமும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சிவப்புக்கு ஒரு விரல் கீழே முள் இருக்கும்போது, முன்னால் 'ஹோ...' என்று ஒரு சத்தம். ஃபேன் பிடித்துக்கொண்டது. முள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தது.

செல்வம் மூச்சை விட்டான். "பாத்தியாக்கா?" என்றான். பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு சிரிப்பு.

கட்டைப் பிரித்தபோது இலை பச்சைப் பசேலென்று இருந்தது. போனில் அண்ணாச்சி, "நாளைக்கும் வந்திருங்க தம்பி" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டு மனிதர்கள் மேல் நாம் பூசுகிற அன்பிலும் கொஞ்சம் கோந்து கலந்துதான் இருக்கிறது. அவர்களுக்குச் சூடு பட்டுவிடக் கூடாதே என்று பூசுகிறோம். சூடு பட்டால்தான் திறக்கிற கதவு என்று ஒன்று அவர்களுக்குள்ளும் இருக்குமே, அது நம் ஞாபகத்துக்கு வருகிறதா? வேலை காலி விளம்பரம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு மாமி வழக்கம்போல் கேட்டார், "தம்பி இப்ப என்ன பண்றார்?"

"சொந்த லாரி வச்சிருக்கான் மாமி. அவனே ஓட்டறான்" என்றேன். பேச்சை மாற்றவில்லை. அவர் மாற்றுவதற்குள் ஃபேன் கிளட்ச் என்றால் என்னவென்றும் விளக்கிவிட்டேன்.

பொட்டு வைப்பதை மட்டும் விடவில்லை. வண்டியில் இல்லை, என் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது செல்வத்தின் நெற்றியில். அங்கே அடைத்துக்கொள்ள உள்ளே ஒன்றுமில்லை என்பது அவன் அக்காவுக்குத் தெரியாதா?